ஏழு இரவு, மூன்று ஊர்: பிராக், வியன்னா, புடாபெஸ்ட் பயணத்தை எப்படி அடுக்குவது?

கேள்வி இதுதான்: "செப்டம்பரில் நான், மனைவி, 66 வயதான அம்மா மூவரும் சென்னையிலிருந்து ஐரோப்பா வருகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மொத்தம் 10 நாள். பிராக், சால்ஸ்பர்க், ஹால்ஷ்டாட், வியன்னா, வெனிஸ், புடாபெஸ்ட் என்று ஆறு ஊர் குறித்து வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சைவம் மட்டும்தான். இந்தத் திட்டம் ஓடுமா?"

ஓடாது. ஆறு ஊரில் மூன்றை எடுத்துவிட்டால் மிக நன்றாக ஓடும். நான் பல வருஷமாக வியன்னாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வட்டாரத்துக்குத்தான் அதிகம் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் எதை எடுப்பது, எதை வைப்பது, ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாளை எண்ணுவதை விட்டுவிட்டு இரவை எண்ணுங்கள். வெள்ளி இரவு விமானம் ஏறினால் சனிக்கிழமை மதிய வாக்கில் பிராகில் இறங்குவீர்கள். ஞாயிறு காலை சென்னையில் இருக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தின சனிக்கிழமை பகலிலேயே இங்கிருந்து கிளம்ப வேண்டும். ஆக, படுக்கையில் படுத்துத் தூங்கும் இரவுகள் சனி முதல் வெள்ளி வரை, ஏழுதான். காலண்டரில் 10 என்று தெரிவது தரையில் ஏழு. அந்த ஏழில் ஆறு ஊரை வைத்தால் ஐந்து முறை பெட்டி கட்ட வேண்டும்.

ஒரு தடவை ஊர் மாறுவதற்கு என்ன ஆகும் என்று பாருங்கள். பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். ஆனால் அறையைக் காலி செய்து, டிராம் பிடித்து, ஸ்டேஷனில் 20, 25 நிமிடம் முன்னதாக நின்று, இறங்கியதும் புது ஊரின் டிக்கெட் இயந்திரத்தைப் புரிந்துகொண்டு, ஹோட்டலைக் கண்டுபிடித்து, அறை தயாராகும்வரை உட்கார்ந்திருந்து எழுந்தால் ஆறரை மணி நேரம் போயிருக்கும். இது பக்கத்து ஊருக்கு, நேரடி ரயிலில். பிராகிலிருந்து சால்ஸ்பர்க் என்றால் லின்ஸில் வண்டி மாற வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவோடு பெட்டியை இறக்கி, பிளாட்பாரம் மாறி ஏற்றுவதை அந்தக் கணக்கில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா குடும்பம் இப்படித்தான் எட்டு நாளில் ஐந்து ஊர் பார்த்தார்கள். நான் அப்போது புதிது, அவர்கள் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்று டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். கடைசி நாள் வியன்னாவில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எந்த ஊர் பிடித்தது என்று சித்தியைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒரு ஊரில் ஹோட்டலுக்கு எதிரே இருந்த பூங்காவில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். அது எந்த ஊர் என்பது அவருக்கு நினைவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் ஊரைக் குறைக்கத்தான் சொல்கிறேன்.

வெனிஸை எடுத்துவிடுங்கள். வியன்னாவிலிருந்து பகல் ரயிலில் ஏழரை மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து புடாபெஸ்ட் போக வந்த திசையிலேயே இன்னொரு முழு நாள் திரும்ப வேண்டும். இரவு ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இளவயதில் நல்ல அனுபவமும்கூட. ஆனால் காலை எட்டரை வாக்கில் தூக்கம் கலைந்த முகத்தோடு இறங்கி, படிக்கட்டு வைத்த பாலங்களை ஏறி இறங்கும் ஊர் அது. அம்மாவை அங்கே அப்படிக் கூட்டிப் போகாதீர்கள். வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் மூன்றும் ஒரே ரயில் தடத்தில் வருபவை. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹால்ஷ்டாட் பற்றிச் சொன்னால் வருத்தப்படுவீர்கள், ஏனென்றால் பட்டியலில் எல்லோரும் முதலில் எழுதுவது அதைத்தான். ஏரிக்கரையில் மலையை ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், படத்தில் பார்க்கும் அதே அழகு நேரிலும் உண்டு. 800 பேர்கூட வசிக்காத கிராமம் அது. வியன்னாவிலிருந்து போக மூன்றரை மணி நேரம். நடுவில் அட்னாங்-புக்ஹைம் என்ற இடத்தில் வண்டி மாறி, ஏரிக்கு அக்கரையில் இறங்கி, படகில் கடந்து போக வேண்டும். போக வர ஏழு மணி நேரம், அங்கே நிற்பது நான்கு மணி நேரம், அதுவும் பகல் நேரக் கூட்டத்தில். ஓர் இரவாவது தங்கினால்தான் அந்த ஊர் தன்னைக் காட்டும். சால்ஸ்பர்க் அவ்வளவு தூரமில்லை, வியன்னாவிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வியன்னாவில் நான்கு இரவு இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்குப் போய் வரச் சொல்லுவேன். உங்களுக்கு அந்த நான்கு இரவு இல்லை.

மீதி இருப்பது பிராக், வியன்னா, புடாபெஸ்ட். இந்த மூன்றும் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்றால், ஒரே ரயில் தடத்தில் வரிசையாக இருக்கின்றன. பிராக்–வியன்னா நான்கு மணி, வியன்னா–புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி, இரண்டும் நேரடி வண்டி. முதல் உலகப் போர் முடிந்த 1918 வரை மூன்றும் ஒரே சாம்ராஜ்யத்துக்குள் இருந்த ஊர்கள் என்பதால் ஒன்றைப் பார்த்தது அடுத்ததைப் புரிந்துகொள்ள உதவும். ஒரு ஊரில் பார்த்த, அந்தச் சாம்ராஜ்யத்தை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து மன்னர் அடுத்த ஊரில் வேறு பட்டத்தோடு சிலையாக நிற்பார்.

விமான டிக்கெட்டை அதற்கேற்பப் போட வேண்டும். போக வர ஒரே ஊர் என்று போட்டால், கடைசி நாள் புடாபெஸ்டிலிருந்து பிராகுக்கு ஏழு மணி நேரம் திரும்பி வர நேரும். டிக்கெட் தேடும்போது 'மல்டி சிட்டி' என்பதைத் தேர்ந்தெடுத்து, சென்னை–பிராக் ஒன்று, புடாபெஸ்ட்–சென்னை ஒன்று என்று ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். துபாய், தோஹா வழியாகப் பறக்கும் கம்பெனிகள் இரண்டு ஊருக்கும் போகின்றன. பெரும்பாலும் விலை சாதாரண ரிட்டர்ன் டிக்கெட்டை ஒட்டியே இருக்கும். வளைகுடா வழியாக வந்தால் இன்னொரு சௌகரியம்: குடியேற்றச் சோதனை பிராகிலேயே நடக்கும், அடுத்த விமானத்தைப் பிடிக்கிற பதற்றம் இருக்காது. ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர் வழியாக வந்தால் அந்த வரிசை அங்கேயே வந்துவிடும். கைரேகை, முகப்படம் பதிவு செய்யும் புது எல்லை முறை வந்தபின் வரிசை மெதுவாக நகர்வதால், அந்த வழியில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

ஏழு இரவை 3, 2, 2 என்று பிரியுங்கள். பிராகில் மூன்று, வியன்னாவில் இரண்டு, புடாபெஸ்டில் இரண்டு. முதல் ஊருக்கு ஓர் இரவு கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணம் அலுப்பு. சனிக்கிழமை மாலை உங்களால் எதையும் பார்க்க முடியாது, அந்த இரவைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்தப் பிரிப்பு விசாவையும் தீர்மானிக்கிறது. மூன்று நாடும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. 3, 2, 2 என்றால் செக் குடியரசு. வியன்னாவுக்கு ஓர் இரவை மாற்றி 2, 3, 2 ஆக்கினால் ஆஸ்திரியா. அதனால் இரவுப் பிரிப்பை உறுதி செய்த பிறகே விசா அப்பாயின்ட்மென்ட் எடுங்கள், எடுத்த பிறகு மாற்றாதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிலசமயம் 45 நாள் வரை இழுக்கும். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு என்பதால் ஜூன் மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். ஏழு இரவுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டும், ஓர் இரவு விட்டுப்போனாலும் கேள்வி வரும். பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரியான அறைகளாகப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து கிழமை. பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நல்ல வேளையாக உங்கள் சனி–சனி கணக்கு இந்த ஊர்களுக்குப் பொருந்தி வருகிறது. வியன்னாவில் ஞாயிறன்று கடைகள், சூப்பர் மார்க்கெட் எல்லாம் அடைத்திருக்கும், ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சில கடைகளைத் தவிர. அங்கே நீங்கள் இருக்கப்போவது செவ்வாய், புதன். பிராகில் ஞாயிறு கடை உண்டு. புடாபெஸ்டின் பெரிய சந்தை ஞாயிறு கிடையாது, நீங்கள் அங்கிருப்பது வெள்ளியும் சனியும். எனவே ஊர் வரிசையைத் திருப்பிப் போடாதீர்கள். செப்டம்பர் 28 மட்டும் செக் நாட்டில் அரசு விடுமுறை, பெரிய கடைகள் திறக்காது.

சனிக்கிழமை பிராகில் இறங்கியதும் ஹோட்டலுக்குப் போய்க் குளித்துவிட்டு, பக்கத்தில் ஒரு நடை, சீக்கிரம் சாப்பாடு, தூக்கம். இந்திய நேரம் இங்கிருந்து மூன்றரை மணி முன்னால் இருப்பதால், இரவு ஒன்பதுக்கே உங்கள் உடம்புக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். விடியற்காலை நான்கரை, ஐந்துக்கு மூன்று பேரும் விழித்துக்கொள்வீர்கள். அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள், பிராகில் அது பெரிய பாக்கியம். வுல்டாவா ஆற்றின் மேல் நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் கட்டத் தொடங்கிய கல் பாலமான சார்லஸ் பாலம் பகல் முழுக்கத் தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் இருக்கும். ஞாயிறு காலை ஆறரைக்கு அங்கே போய் நில்லுங்கள். செப்டம்பர் நடுவில் சூரியன் அப்போதுதான் எழும். இரு பக்கமும் 30 சிலைகள், கீழே ஆற்றில் லேசான பனி, எதிரே கோட்டை. எனக்குத் தெரிந்து இந்த மூன்று ஊர்களிலும் காசு கொடுக்காமல் கிடைக்கும் மிகப் பெரிய காட்சி இதுதான். காலையில் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

ஹோட்டலுக்குத் திரும்பிக் காலை உணவு, ஒரு குட்டித் தூக்கம், அப்புறம் பழைய நகரச் சதுக்கம். 1410ஆம் வருஷத்து வானியல் கடிகாரம் மணிக்கொரு தரம் கதவு திறந்து பொம்மைகளைக் காட்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதற்காக அரை மணி நேரம் நிற்க வேண்டாம், கடந்து போகும்போது அமைந்தால் பாருங்கள். அந்த நேரத்தை யோசெஃபோவ் என்ற யூதக் குடியிருப்புக்குக் கொடுங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி, அவ்வளவுதான். அறை அறையாக அது போய்க்கொண்டே இருக்கும். வெளியே வந்தால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த கல்லறைக் கற்கள் நிறைந்த பழைய இடுகாடு. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் விடுமுறை. யூதப் புத்தாண்டும், யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளும் செப்டம்பரிலோ அக்டோபர் முற்பாதியிலோ வரும் என்பதால் உங்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையைத் திங்களுக்கு வையுங்கள். ஞாயிறு காலை புனித விட்டுஸ் பேராலயத்தில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். அம்மாவை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். 22ஆம் எண் டிராமில் ஏறி, கோட்டை நிறுத்தத்தையும் தாண்டி பொஹோர்ஜெலெட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்கினால், அங்கிருந்து கோட்டை வாசல் வரை மெல்லிய இறக்கம்தான். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. அதனால் பார்த்து முடித்ததும் எல்லோரும் போகிற பழைய படிக்கட்டு வழியாக இறங்காமல், வடக்கு வாசலால் வந்து மறுபடி 22 பிடியுங்கள். ஒன்பது மணிக்குக் கட்டடங்கள் திறக்கும்போதே உள்ளே இருந்தால் பதினொன்றரைக்குள் முடித்துவிடலாம். பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344இல், முடித்தது 1929இல். முகப்பும் உட்பகுதியும் வெவ்வேறு காலத்துக் கைகள் என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும்.

திங்கள் மதியத்துக்கு மேல் எதையும் எழுதாதீர்கள், காலியாக விடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் அரை நாள் இப்படி வெறுமனே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகவே சொல்கிறேன். மழை வந்தால் தள்ளிப்போனது அங்கே வந்து உட்காரும். வராவிட்டால் ஆற்றங்கரையில் உட்காருங்கள்.

செவ்வாய் காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் ரயிலில் வியன்னா. இந்தத் தடத்தில் செக் ரயில்வேயும் ஆஸ்திரிய ரயில்வேயும் சேர்ந்து ரயில்ஜெட் வண்டிகளை ஓட்டுகின்றன. ரெஜியோஜெட் என்ற தனியார் மஞ்சள் வண்டியும் உண்டு. ஒரே வண்டிக்கே இரண்டு ரயில்வே தளங்களில் இரண்டு விலை இருக்கும், இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில வாரங்கள் முன்னாலேயே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே போகும். ஆனால் அந்த மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். இரண்டே இரண்டு பயணத்துக்கு ரயில் பாஸ் வாங்குவது வீண் செலவு. ரயில்ஜெட்டில் இருக்கைப் பதிவு கட்டாயமில்லை என்றாலும் மூன்று பேரும் சேர்ந்து உட்காரக் கொஞ்சம் காசு கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, டிக்கெட்டிலும் பலகையிலும் ஊர்ப் பெயர் நமக்குத் தெரிந்த மாதிரி இருக்காது. வியன்னா என்று தேடாதீர்கள், 'வீன்' என்றிருக்கும். பிராக் 'ப்ராஹா'. பெயருக்குப் பக்கத்தில் முதன்மை நிலையத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரே ஊரில் பல நிலையங்கள் உண்டு.

ஹோட்டலை ரயிலை வைத்துத்தான் தேட வேண்டும். பிராகில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தை ஒட்டி எடுத்தால் முதன்மை நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. வியன்னாவில் முதன்மை நிலையத்துக்கு அருகிலேயே எடுங்கள், மெட்ரோவின் யு1 தடத்தில் மூன்றாவது நிறுத்தம் புனித ஸ்டீபன் பேராலயம். புடாபெஸ்டில் கெலெட்டி நிலையத்திலிருந்து மெட்ரோ 2இல் மூன்றாவது நிறுத்தமான டெயாக் சதுக்கத்தை ஒட்டித் தங்குங்கள். எந்த ஊரிலும் பதிவு செய்யும் முன் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் பல இடங்களில் இருக்காது. சில இடங்களில் லிஃப்டுக்கு முன்னாலேயே அரை மாடிப் படி இருக்கும். தெருவெல்லாம் கருங்கல் பாவியது என்பதால் சின்னச் சக்கரப் பெட்டி படாதபாடு படும். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும்.

வியன்னாவில் செவ்வாய் மாலை ரிங் சாலையை டிராமில் சுற்றிப் பாருங்கள். நகரின் மதில்களை இடித்துவிட்டு அந்த இடத்தில் போட்ட சாலை அது. 1865இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் திறந்து வைத்தார். ஒபேரா, பாராளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் அந்த ஒரே வளையத்தில். அம்மா உட்கார்ந்தபடியே வியன்னாவின் பாதியைப் பார்த்துவிடுவார். அப்புறம் ஒரு காப்பிக் கடை. இங்கே ஒரு கோப்பை காப்பி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். காப்பியோடு தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873 முதல் குழாயில் வரும் தண்ணீர் அது. தாராளமாகக் குழாயிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

புதன் காலை ஷோன்புருன் அரண்மனை. 1,441 அறைகளில் பார்வைக்குத் திறந்திருப்பது 40 சொச்சம்தான், அதுவே போதும். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்குங்கள், முதல் நேரமே நல்லது. தோட்டத்து மேட்டுக்குப் போகச் சின்னச் சுற்றுலா வண்டி ஓடுகிறது. மதியத்துக்கு மேல் கலை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே ஒரே ஓர் அறையை மட்டும் பார்ப்பதானால் புரூகல் என்ற ஓவியரின் அறையைப் பாருங்கள். அவருடைய 'பாபேல் கோபுரம்' (1563), 'பனியில் வேட்டைக்காரர்கள்' (1565) இரண்டும் அங்கே இருக்கின்றன. எதிரே பெஞ்சும் உண்டு. நான் ஊர் சலித்துப்போன நாட்களில் போய் உட்காரும் இடம் அது.

வியாழன் காலைக்கு ஒரு வழி சொல்கிறேன், இதனால் உங்களுக்கு அரை நாள் மிச்சம். அறையைக் காலி செய்து பெட்டிகளை முதன்மை நிலையத்தின் லாக்கரில் வையுங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மேல் பெல்வடேர் அரண்மனை. கிளிம்ட் வரைந்த 'முத்தம்' அங்கேதான். ஒன்பது, ஒன்பதரைக்கு உள்ளே போனால் கூட்டம் சேர்வதற்குள் பார்த்துவிடலாம். பன்னிரண்டுக்குத் தோட்டம் வழியாகத் திரும்பி நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால், நான்கு மணிக்கு முன்னதாகப் புடாபெஸ்ட். ரயிலில் சிலசமயம் போலீஸ் வந்து பாஸ்போர்ட் கேட்பார்கள், பெட்டிக்கு அடியில் புதைத்து வைக்காதீர்கள்.

புடாபெஸ்ட் இரவில் பார்க்க வேண்டிய ஊர், அதனால்தான் கடைசியில் வைத்தேன். அதற்குள் உங்கள் உடம்பு இந்த ஊர் நேரத்துக்குப் பழகி, ஒன்பது மணிக்குக் கண் சொருகாது. வியாழன் இரவு 2ஆம் எண் டிராமில் டான்யூப் கரையோரமாக ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போங்கள். சாதாரண டிக்கெட்தான். 1849இல் திறந்த சங்கிலிப் பாலம், எதிர்க் கரையில் புடா கோட்டை, கடைசியில் 96 மீட்டர் உயரக் கூரையோடு பாராளுமன்றம், எல்லாம் விளக்கில். வெள்ளி காலை பாராளுமன்றத்துக்குள் போக முன்பதிவு கட்டாயம், நல்ல நேரமெல்லாம் வாரங்கள் முன்பே தீர்ந்துவிடும். பக்கத்திலேயே கரையில் இரும்பில் வார்த்த காலணிகள் வரிசையாக இருக்கும். 1944–45இல் ஆற்றின் விளிம்பில் நிறுத்திச் சுடப்பட்ட யூதர்களின் நினைவாக 2005இல் வைத்தவை. பிராகில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. புடா மலைக்கு 16ஆம் எண் பஸ் டெயாக் சதுக்கத்திலிருந்தே ஏறுகிறது, இழுவை ரயிலின் வரிசையில் நிற்க வேண்டாம். மாலையில் செசெனி வெந்நீர்க் குளம். 1913இல் திறந்தது, பூமிக்கு அடியிலிருந்து வரும் வெந்நீர். அங்கே போகும் மெட்ரோ 1 தடமே 1896இல் ஓடத் தொடங்கியது. முழங்காலுக்கு அந்த வெந்நீர் இதமாக இருக்கும், ஆனால் நீச்சல் உடை கட்டாயம். அம்மாவுக்கு அது ஒப்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், சுற்றியுள்ள பூங்கா நல்ல பூங்கா.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள், ஆனால் கேட்டு வாங்குங்கள். காய்கறி சூப் என்றிருப்பதிலும் மாட்டு எலும்புச் சாறு இருக்கும். 'இறைச்சி இல்லாமல்' என்றால் பன்றித் துண்டு நான்கு கிடந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற சமையலறைகள் உண்டு. மீன், முட்டை, சாறு எதுவும் வேண்டாம் என்பதை அந்தந்த மொழியில் எழுதிப் போனில் வைத்துக் காட்டுங்கள். செக் நாட்டில் பொரித்த பாலாடைக்கட்டி, வியன்னாவில் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லெ என்ற குட்டி மாவுத் துண்டுகள், புடாபெஸ்டில் பூரியைப் பெரிதாக்கின மாதிரியான லாங்கோஷ் எங்கும் கிடைக்கும். முதல் இரண்டிலும் வழக்கமாக முட்டை சேரும், முட்டை கூடாது என்றால் அவற்றை விட்டுவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் எதுவும் சேர்க்காத தயிர் நல்ல தயிர். வியன்னாவில் மட்டும் சமையலறை உள்ள அறையாக எடுத்து இரண்டு இரவும் சோறு வடித்துக்கொண்டால் பயணத்தின் நடுவில் அம்மாவுக்குத் தெம்பு வரும். நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன.

பணம் மூன்று வகை: கொருனா, யூரோ, ஃபோரின்ட். கார்டு எங்கும் செல்லும். இயந்திரம் 'ரூபாயில் கழிக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே கழிக்க விடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நிறையப் போய்விடும். பிராக் பழைய நகரத்தில் பணம் மாற்றும் கடைகளுக்குள்ளேயே போகாதீர்கள். டிராம், பஸ், மெட்ரோவுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், மெட்ரோவில் நுழையும் முன், டிராமிலும் பஸ்ஸிலும் ஏறியதும், முத்திரை இயந்திரத்தில் குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. நான் முதல் தடவை வந்தபோது அதைத் தெரியாமல் அபராதம் கட்டினேன். புதிதாக வந்தவர் என்பதற்காக விட மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பெரிய சந்தையில் மிளகாய்ப் பொடி வாங்கிக்கொள்ளுங்கள், பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். டெயாக் சதுக்கத்திலிருந்து விமான நிலையத்துக்கு 100இ என்ற நேரடி பஸ், அதற்குத் தனி டிக்கெட்.

ஒருவேளை திங்கட்கிழமையும் விடுப்பு கிடைத்தால் புது ஊர் சேர்க்காதீர்கள், அந்த ஓர் இரவை வியன்னாவுக்குக் கொடுத்து வாகவ் பள்ளத்தாக்குக்குப் போய் வாருங்கள். ஒரு மணி நேர ரயிலில் மெல்க் மடாலயம், அங்கிருந்து படகில் டான்யூப் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே க்ரெம்ஸ் வரை, பிறகு ரயிலில் வியன்னா. ஹால்ஷ்டாடில் தேடியது கிட்டத்தட்ட அம்மா நடக்காமலே கிடைத்துவிடும். அப்போது இரவுகள் 3, 3, 2 ஆகும். செக்கும் ஆஸ்திரியாவும் சமம் என்பதால் முதலில் நுழையும் செக் நாட்டிடமே விசா கேட்கலாம். திரும்பும் விமானத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். பெரிய சந்தைக்கு அப்போதும் சனிக்கிழமை காலையே போய்விடுங்கள்.